விடுதியைத் திரும்பத் திறக்கிறதா, கல்வெட்டு வைக்கிறதா? – பழைய போர்டிங் வாழ்க்கை பற்றி ஒரு விவாதம்

பாலையூற்றான் (இழையைத் தொடங்கியவர்)

எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில கொஞ்ச நாளா ஒரே கதைதான். பின்வளவில பாழடைஞ்சு கிடக்கிற விடுதிக் கட்டடத்தைத் திருத்தப் போறாங்களாம். ஓடு மாத்தி, சுவருக்குப் பூச்சுப் பூசி, முன்னுக்கு ஒரு கல்வெட்டு. உள்ளுக்கு என்ன வரும் எண்டு கேட்டால் ஆளுக்கொரு பதில். மண்டபம் என்கிறார் ஒருத்தர், நூதனசாலை என்கிறார் இன்னொருத்தர். ஒரே ஒரு ஆள்தான் "திரும்பவும் பிள்ளைகளை வைக்கலாமே" எண்டார். அதுக்கு ஒரு கட்டைவிரல் கூட விழேல்ல.

பள்ளிக்கூடத்தின் பேரை நான் எழுதேல்ல. திருக்கோணமலைக்காரருக்குத் தெரியும். மற்றவங்க தங்கட தங்கட பள்ளிக்கூடத்தை மனசில வச்சு எழுதுங்கோ.

எனக்கு உறுத்துறது வேற. விழாவுக்கு விழா மேடையில ஏறி "அந்தக் காலத்து ஒழுக்கம், பண்பாடு, கூட்டு வாழ்க்கை" எண்டு பேசுறாங்க. அது என்ன எண்டு கீழ இறங்கினாப்பிறகு கேட்டால், காலமை அஞ்சுக்கு மணி அடிச்ச கதைதான் வரும். மணி மறியல்வீட்டிலயும்தான் அடிக்குது. விடுதியில இருந்த ஆக்கள், உள்ளுக்கு என்ன நடந்தது எண்டு உள்ளபடி எழுதுங்கோ. அதைப் பாத்துத்தான் திரும்பத் திறக்கக் கேக்கிறதா, நூதனசாலையோட விடுறதா எண்டு நான் கூட்டத்தில பேசலாம். நான் டே ஸ்கொலர். மதிலுக்கு அங்கால இருந்து பாத்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

---

பழைய போர்டர்

தம்பலகாமத்தில இருந்து றங்குப்பெட்டியோட வந்து இறங்கினவன் நான், எழுபதுகளில. அப்பா வயல்காரர். விடுதிக் காசு தவணைக்குத் தவணை கட்டவேணும், ஆனால் போகம் வெட்டினால்தான் கையில காசு புழங்கும். அதால மாசி பங்குனியில நெல்லு மூட்டை வந்து இறங்கும். சமையல்கட்டுக் கணக்கில அதைக் கழிச்சுக்கொள்ளுவாங்க. என்னைப் போல கன பேர். கல்வி இலவசம் எண்டு 1945 இல சட்டம் வந்தது உண்மைதான். பாடம்தான் இலவசம், சோறு இல்லை.

தம்பி கேட்டதுக்கு வாறன். ஒழுக்கம் எண்டு நான் சொல்லுவன் எண்டால் அது சாப்பாட்டு மேசைதான். ஒரு மேசைக்குப் பத்துப் பேர். தலைமாட்டில ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற அண்ணன் ஒருத்தர், மேசைத் தலைவர். கால்மாட்டில ஆறாம் வகுப்புப் பொடியன். சோத்துச் சட்டி முதல்ல கால்மாட்டுக்குத்தான் போகும். சுத்தி வந்து கடைசியாத் தலைவரிட்ட வரும். பருப்பு நாளில இது ஒரு பெரிய காரியமில்லை. மீன் நாளில பாருங்கோ. சின்னவனுக்கு நடுத்துண்டு, ஏழாவது எட்டாவது ஆளுக்கு வால், தலைவருக்குச் சில நேரம் வெறும் குழம்பு. அவர் அதைப் பிசைஞ்சு சாப்பிட்டுப்போட்டு எழும்பிப் போவார். ஒரு சொல்லுச் சொல்லமாட்டார்.

ஒருக்கா ஒருத்தன் கரண்டியால குழம்புக்குக் கீழ விட்டு ரெண்டு துண்டை ஒண்டாக் கொளுவி எடுத்துப்போட்டான். பாரை மீன். மேசை முழுக்கக் கண்டது. தலைவர் வாய் திறக்கேல்ல. அடுத்த கிழமை முழுக்க அவனைப் பரிமாறுறவனாப் போட்டார். பரிமாறுறவன் எல்லாரும் எழும்பின பிறகுதான் இருக்கலாம். சட்டியில மிச்சம் என்ன எண்டு அவனுக்கு அந்தக் கிழமை நல்லா விளங்கியிருக்கும்.

இதை எங்களுக்கு ஆரும் பிரசங்கம் பண்ணேல்ல. சட்டி போற பக்கம்தான் பாடம்.

---

ஸ்காபரோ சில்லையூர்

அண்ணை, மீன் கதையை வாசிச்சுக் கண் கலங்கிப்போச்சு. எங்கட மேசையில தலைவர்தான் முதல் எடுப்பார். பள்ளிக்கூடம் வேற போல. 😄

---

பழைய போர்டர்

பள்ளிக்கூடம் அல்ல தம்பி, வாடன் (விடுதிக்குப் பொறுப்பானவர்) வேற. அதிலதான் எல்லாம் கிடக்கு.

---

கங்கைக்கரை

நான் மட்டக்களப்பு, ஆனால் உத்தியோகத்தில கன காலம் உங்கட ஊரில. ஒரு விசயம் சொல்லவேணும். விடுதி எண்டதும் எல்லாம் ஒரே அச்சில வார்த்தது எண்டு பேசுறது சரியில்லை.

திருக்கோணமலையில புனித சூசையப்பர் கல்லூரி 1867 இல தொடங்கினது. இயேசு சபைக் குருமார் கிழக்குக்கு வந்தது 1895 இல. முதல் வந்தவங்க பிரெஞ்சுக்காரர். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகு வந்தவங்க அமெரிக்கர், நியூ ஓர்லியன்ஸ் பக்கம். இந்துக் கல்லூரி 1897 இல தொடங்கி, 1925 இல இராமகிருஷ்ண மிஷனின் கைக்கு வந்தது. இந்த ரெண்டு மரபும் பிள்ளையைப் பாத்த பார்வையே வேற.

குருமாரிட்ட விளையாட்டு ஒரு பாடம். கூடைப்பந்தை இந்தக் கரையில ஊண்டினவங்க அவங்கதான். சூசையப்பரிலயும் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலயும் பயிற்றுவிச்ச அருட்தந்தை யூஜின் ஹேபேர் எண்டால் பழைய ஆட்டக்காரருக்கு இண்டைக்கும் உடம்பு நிமிரும். 1990 ஓகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில வெளிக்கிட்டவர், ஏறாவூருக்குக் கிட்ட காணாமல் போனார், கூடப்போன தமிழ்ப் பொடியனும்தான். இண்டுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை.

இராமகிருஷ்ண மிஷன் பள்ளிக்கூடத்தில வேற. அங்க பூசையும் தொண்டும் முன்னுக்கு. தன் உடுப்பைத் தானே தோய்க்கிறது, முற்றம் கூட்டுறது, தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துறது எல்லாம் வழிபாட்டோட சேந்த வேலை. தண்டனைக்குச் செய்யிற வேலையில்லை. விபுலானந்த அடிகள் இந்த எண்ணத்தைத்தான் கிழக்கு முழுக்கக் கொண்டு போனவர். அவரே மட்டக்களப்பு மைக்கேலில குருமாரிட்டப் படிச்சவர் எண்டதை மறக்கப்படாது. காரைதீவில 1892 இல பிறந்த மயில்வாகனம் (அதுதான் அடிகளின்ட முந்தின பேர்) கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில படிச்சு, பிறகு துறவியாகி, திருக்கோணமலை இந்துக் கல்லூரியை நடத்தி, 1929 இல கல்லடி உப்போடையில சிவானந்த வித்தியாலயத்தையும் திறந்தார். அங்க இல்லப் பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் தங்கிப் படிச்சாங்க. காசுள்ளவனுக்கு மட்டும் விடுதி எண்ட எண்ணத்தை அது உடைச்சது.

ஆகவே பாலையூற்றார் திரும்பக் கொண்டுவரப் பாக்கிற பண்பாடு எது? முதல்ல அதைச் சொல்லுங்கோ.

---

பாலையூற்றான்

அதைத்தான் அண்ணை தேடுறன். மேசையில சட்டி போற பக்கம் எண்டு ஒண்டு கிடைச்சிருக்கு. இன்னும் வரட்டும்.

---

ரீச்சரம்மா

ஆம்பிளையள் எழுதுறதை வாசிச்சுக் கொண்டிருந்தன். பெண்கள் விடுதியை ஒருத்தரும் நினைக்கேல்ல, அதால எழுதுறன்.

நான் மூதூர்ப் பக்கம். லோஞ்சில கொட்டியாரக்குடாவைத் தாண்டி வந்து படிச்சம். வாடைக் காத்துக் காலத்தில கடல் கொந்தளிச்சு லோஞ்ச் ஓடாது. தவணை முடிஞ்சும் ரெண்டு மூண்டு நாள் விடுதியிலயே கிடந்திருக்கிறம். எங்களுக்கு மைதானமும் இல்லை, கூடைப்பந்தும் இல்லை. மதில்தான். ஞாயிறு பின்னேரம் ரெண்டு ரெண்டு பேரா வரிசையில கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவாங்க. மணலில கால் வைக்க விடமாட்டாங்க, சப்பாத்து நனையுமாம். வீதிக் கரையில நிண்டு கடலைப் பாத்திட்டுத் திரும்பி வரவேணும்.

வீட்டுக்கு எழுதுற கடிதத்தை ஒட்டாமல், விடுதியைப் பாக்கிற மேற்றனிட்டக் குடுக்கவேணும். அவ வாசிச்சுப்போட்டுத்தான் அனுப்புவா. எனக்கும் அம்மாவுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. "அம்மம்மாவுக்கு என்ர வணக்கம்" எண்டு நான் எழுதினால், வந்து பாருங்கோ எண்டு அர்த்தம். அம்மம்மா நான் பிறக்க முந்தியே செத்துப்போச்சு.

இவ்வளவையும் சொல்லிப்போட்டு இதையும் சொல்லவேணும். அந்த விடுதி இல்லாட்டி நான் எட்டாம் வகுப்போட வீட்டில. எங்கட ஊரில பெரிய பிள்ளையானா படிப்பு நிக்கும். விடுதி எண்டபடியாத்தான் ஐயா விட்டவர். "அங்க மதில் இருக்கு" எண்டு மாமாவுக்குச் சொல்லிச் சமாளிச்சது எனக்கு ஞாபகம். என்னோட அந்த மண்டபத்தில படுத்தவங்களில கன பேர் ரீச்சர்மார், நேர்ஸ்மார். ரெண்டு பேர் டொக்டர். மதிலைப் பற்றிப் புலம்பவும் ஏலாது, புகழவும் ஏலாது.

---

கிண்ணியா நானா

ரீச்சர், நீங்க சொன்ன லோஞ்சில எங்கட வாப்பா வேலை செஞ்சவரு.

எங்கட ஆக்களில பட்டணத்து விடுதியில நின்டு படிச்சவங்க குறைவு. கூடுதலா சொந்தக்காரர் வீட்டில நின்டாங்க, இல்லாட்டிப் பள்ளிவாசலுக்குக் கிட்ட அறை எடுத்தாங்க. இறைச்சிப் பிரச்சினைதான் காரணம். நான் நின்ட விடுதி மரக்கறி, அதனால அந்தத் தொல்லை வரல்ல.

நோம்பு மாசத்துக் கதை ஒன்டு. சமையல் அண்ணன் சைவக்காரர், திருநீறு பூசாம அடுப்புப் பத்தவைக்க மாட்டார். எனக்கும் இன்னொரு பொடியனுக்கும் ராவைக்கே சோறு கறி போட்டு, மேல தட்டைக் கவுத்து, அதுக்கு மேல அம்மிக் குழவிய வச்சுட்டுப் போவார். இல்லாட்டிப் பூனை தள்ளிப் போடும். நாங்க ஸஹருக்கு எழும்பி இருட்டில குழவியத் தூக்குற சத்தம் கேக்காமத் தூக்கி வச்சுச் சாப்பிடுவம். வாடன் இதுக்கு அனுமதி குடுக்கவும் இல்ல, தடுக்கவும் இல்ல. தெரியாத மாதிரி இருந்தார். ஆனா அந்த மாசம் முழுக்கக் காலமை ட்ரில்லுக்கு எங்க ரெண்டு பேர்ட பேரையும் கூப்பிடல்ல. தெரியாம எப்படி?

சட்டதிட்டத்தில எழுதாத இந்த மாதிரி விசயம்தான் எனக்குப் பண்பாடு.

---

உள்ளதைச் சொல்றவன்

எல்லாரும் இனிப்பா எழுதுறீங்க. நான் கசப்பைச் சொல்றன். ஊரும் பள்ளிக்கூடமும் வேண்டாம்.

எங்கட மண்டபத்தில ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் படுக்கையில சலம் போயிருவான். வீட்டை விட்டு முதல் தடவையா வந்த பிள்ளை. பெரிய பொடியள் அவன்ட பாயைச் சுருட்டித் தலையில வைக்கச் சொல்லி, காலமை அசெம்பிளிக்கு முந்தி கிணத்தடியைச் சுத்த விடுவாங்க. மொனிட்டர் பாத்துக் கொண்டு நிப்பார். வாடனுக்குத் தெரியும். அவர் சொன்னது, "அப்பதான் வெக்கத்தில நிப்பாட்டுவான்." ரீச்சரம்மா சொன்ன அதே கடித முறைதான் எங்களுக்கும். அவனால வீட்டுக்கு எழுதவும் ஏலாது. அவனுக்குச் செத்துப்போன அம்மம்மாவும் இல்லை.

ரெண்டாம் தவணைக்கு அவன் வரேல்ல. பெட்டியை எடுக்க ஒரு மாமா வந்தவர்.

பழைய மாணவர் ஒன்றுகூடலில அந்த மொனிட்டர் மேடையில ஏறி "விடுதி எங்களை மனுசராக்கினது" எண்டு பேசினார். நான் வெளிய போய்ச் சிகரெட் பத்தினன்.

---

பழைய போர்டர்

தம்பி, அப்படி ஒண்டு ரெண்டு நடந்திருக்கலாம். அதை வச்சு ஒரு நூற்றாண்டு மரபைக் கழுவி ஊத்தப்படாது. எங்களுக்கும் அடி விழுந்ததுதான். விழுந்தபடியாத்தான் இண்டைக்கு நிக்கிறம்.

---

ரீச்சரம்மா

அண்ணா, உங்களோட மரியாதை எனக்கு இருக்கு, ஆனால் இந்த வசனத்தை விடுங்கோ. நின்டவங்கதான் இஞ்ச எழுதுறாங்க. போனவன் எழுதமாட்டான். நான் முப்பது வருசத்துக்கு மேல வகுப்பில நின்டவள். அடிச்சுத் திருந்தினது எண்டு சொல்லப்படுற பிள்ளைகளில பாதி, அடிக்காட்டியும் திருந்தியிருக்கும். மிச்சப் பாதி திருந்தேல்ல, ஒளிக்கப் பழகினது.

இப்ப சட்டமும் வேற. பாடசாலையில உடல் தண்டனை கூடாது எண்டு கல்வி அமைச்சு 2016 இல 12 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் போட்டது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எண்ட தொலைபேசி இலக்கம் எல்லா விடுதிச் சுவரிலயும் எழுதியிருக்கவேணும். பிள்ளை எடுக்க ஒரு போனும் வேணும், வாடன்ட அறையில பூட்டி வைக்காத போன்.

---

முன்னாள் வாடன்

வாசிச்சுக் கொண்டுதான் இருந்தன். வேற ஊர் விடுதி ஒண்டில சில வருசம் வாடனா இருந்தவன் எண்டபடியா ஒரு சில சொல்.

அறுபது எழுபது பிள்ளைகள், ஒரு வாடன். பகல் முழுக்க அவரும் வகுப்பில பாடம் எடுக்கிறவர். இரவு ஸ்டடி முடிய அவருக்குக் கண் சொருகும். அப்ப மண்டபத்தை ஆள்றது ஆர்? மொனிட்டர். பதினேழு வயசுப் பொடியன் கையில இருவது சின்னப் பிள்ளைகளை இரவு முழுக்கக் குடுக்கிறம். அவன் நல்லவனா இருந்தால் மேல ஒருத்தர் எழுதின மேசைத் தலைவர் மாதிரி இருப்பான். இல்லாட்டிப் பாய் சுமக்க வைப்பான். ரெண்டும் ஒரே ஏற்பாட்டில இருந்துதான் வருது. இதை மேடைப் பேச்சுக்காரர் ஒருநாளும் சொல்லமாட்டாங்க.

நான் செஞ்ச ஒண்டைச் சொல்றன், பிரயோசனப்பட்டால் எடுங்கோ. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரியவங்களோட படுக்க விடேல்ல. என்ர அறைக்குப் பக்கத்து மண்டபத்தில வச்சன். படுக்கை நனைக்கிற பிள்ளையை இரவு பதினொண்டுக்கு ஒருக்கா எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால் முக்கால்வாசி பிரச்சினை தீரும். என்ர மனுசிதான் அதைச் சொன்னவ. வாடன் குடும்பத்தோட வளவுக்குள்ள இருக்கவேணும். பெண் ஒருத்தி அந்த வளவில இருந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் கஞ்சி கிடைக்கும், இல்லாட்டிப் பனடோல்தான்.

---

வலிகாமத்தான்

திருமலைக்காரர்ட இழையில யாழ்ப்பாணத்தான் தலை போடுறன், மன்னிக்கவேணும்.

மேசைக் கதையில ஒரு பழைய கதை விட்டுப்போச்சு. அமெரிக்க மிஷன் 1823 இல வட்டுக்கோட்டைச் செமினறியையும் 1824 இல உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளிக்கூடத்தையும் தொடங்கின காலத்தில, பிள்ளை பிடிக்கிறதை விடப் பெரிய பாடு சாப்பாடுதான். மிஷன் வளவுக்குள்ள சமைச்சதைச் சாப்பிட்டால் சாதி போகும் எண்டு தாய் தகப்பன் விடேல்ல. இதே யாழ்ப்பாணத்தில 1930 அளவில, அரசாங்கப் பணம் வாங்குற பள்ளிக்கூடங்களில எல்லாச் சாதிப் பிள்ளையும் சமமா வாங்கில இருக்கலாம் எண்டு அரசாங்கம் சொன்னபோது பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வச்சாங்க. மேடையில "எல்லாரும் ஒரே பந்தியில இருந்தம்" எண்டு லேசாச் சொல்லுறாங்க. அந்த ஒரே பந்தி சும்மா கிடைச்சதில்லை.

உங்கட பழைய மாணவர் சங்கம் நூதனசாலை வைக்கப் போகுது எண்டால், ஒரு கேள்வி. ஆரார் அந்தப் பந்தியில இருந்தது, ஆர் இருக்கேல்ல எண்டதும் அதில வருமா?

---

கங்கைக்கரை

நல்ல கேள்வி. விபுலானந்தர் சிதம்பரத்தில தமிழ்ப் பேராசிரியரா இருந்த காலத்தில திருவேட்களத்தில ஒடுக்கப்பட்ட சேரிப் பிள்ளைகளுக்குப் போய்ப் படிப்பிச்சவர். கிழக்கிலயும் அதே மனசோடதான் வேலை செஞ்சவர். ஆனால் அவர் செஞ்சதை வச்சு நாங்கள் எல்லாரும் அப்படி எண்டு சொல்ல ஏலாது. அவருக்கும் ஊருக்குள்ள எதிர்ப்பு இருந்தபடியாத்தான் அது செயல்.

---

இறக்கக்கண்டி

உணர்ச்சிக் கதை எல்லாம் சரி. விடுதி ஏன் மூடினது எண்டு ஒருத்தரும் எழுதேல்ல. அது தெரியாமல் திறக்கிறது பற்றிப் பேசி என்ன?

1960, 61 இல அரசாங்கம் உதவிபெறும் பள்ளிக்கூடங்களைச் சுவீகரிச்சது. பள்ளிக்கூடம் அரசாங்கத்தின்ட, விடுதி? சமையல்காரருக்கு ஆர் சம்பளம், விறகுக்கு ஆர் காசு? மிஷனும் குருமாரும் உள்ளுக்கு இருந்தவரை ராவு பகல் பாக்காத ஆள் இருந்தது. அவங்க போன பிறகு வாடன் வேலை மேலதிகக் கடமை. முன்னாள் வாடன் எழுதினதைப் பாருங்கோ.

அடுத்தது சண்டை. 83 கலவரத்துக்குப் பிறகு எந்தத் தாய் பிள்ளையை மூதூரில இருந்து பட்டணத்து விடுதிக்கு அனுப்பும்? சில வளவுகளில அகதிகள், சில வளவுகளில ஆமி. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு சுனாமிச் சனம். கட்டடம் மிஞ்சினதே பெரிய காரியம்.

கடைசியா, பாலம். இதைத்தான் ஆக்கள் மறக்கிறது. கிண்ணியாவில 2009 ஒக்டோபர் வரைக்கும் பாதையிலதான் (அதுதான், வாகனம் ஏத்துற மிதவை) கடக்கவேணும். 396 மீற்றர் பாலம் திறந்தாங்க. அதுக்குப் பிறகு உப்பாறு, இறால்குழி, மகாவலி கங்கை எல்லாத்துக்கும் பாலம். முந்தி கன நேரம் எடுத்த மூதூர்ப் பயணம் இப்ப பஸ்ஸில ஒரு மணித்தியாலச் சொச்சம். கிண்ணியாப் பிள்ளை வீட்டில பிட்டுச் சாப்பிட்டிட்டு வந்து முதலாம் பாடத்துக்கு இருக்குது. விடுதியை மூடினது சண்டை பாதி, தார் ரோட்டுப் பாதி. அதில கவலைப்பட ஒண்டும் இல்லை. பிள்ளை தாயோட இருக்கிறது நல்லதுதானே.

எனக்கெண்டால் நூதனசாலை போதும்.

---

பழைய போர்டர்

பாலம் வந்தது நல்லதுதான். ஆனால் தம்பி, எங்கட அப்பா என்னை விடுதியில விட்டது ரோட்டு இல்லாததால மட்டும் இல்லை. வயல்காரன் மகன் வயலுக்குப் போவான் எண்டு பயந்து.

---

வெருகல் வாத்தியார்

பாலம் எல்லாருக்கும் ஒரே தூரமில்லை. நான் ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டில படிப்பிக்கிறன்.

எங்கட பிள்ளை ஓ.எல். இல கணிதம் விஞ்ஞானம் ரெண்டிலயும் ஏ எடுத்தால் என்ன நடக்குது எண்டு சொல்லட்டா? ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு 1ஏபி எண்ட வகைப் பாடசாலையிலதான் இருக்கு. எங்களுக்குக் கிட்ட இருக்கிறதுகளில கலைப் பிரிவு, வர்த்தகம். பேருக்கு விஞ்ஞானப் பிரிவு இருக்கிற இடத்திலயும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் வந்து ஒரு வருசத்தில இடமாற்றம் எடுத்துப் போயிருவார். பிள்ளை பட்டணத்துக்குத்தான் போகவேணும். தினமும் பஸ்ஸில போய் வந்தால் இரவு ஏழு எட்டு. அதுக்குப் பிறகு ரியூசன் எப்ப, படிப்பு எப்ப?

அதால உவர்மலையிலயோ உள்துறைமுக வீதிப் பக்கமோ நாலஞ்சு பொடியள் சேந்து அறை எடுக்கிறாங்க. சாப்பாடு கடைப் பார்சல். கேட்க ஆள் இல்லை. போன் விடிய விடிய. கெட்டிக்காரப் பொடியன் ஒருத்தன் போன வருசம் பாதியில விட்டிட்டு வந்து இப்ப மீன் வாடியில கணக்கு எழுதுறான். படிக்க ஏலாமல் இல்லை. "தனிய இருக்க ஏலாது சேர்" எண்டான். பெண் பிள்ளைகள் எண்டால் அறை எடுக்கிற பேச்சே இல்லை. கலைப் பிரிவில சேர்த்துப்போட்டு முடிஞ்சுது.

கல்வி மந்திரியா இருந்த கன்னங்கரா மத்திய மகா வித்தியாலயங்களைத் தொடங்கினபோது புலமைப்பரிசில் எடுத்த கிராமத்துப் பிள்ளைக்கு விடுதியும் சேர்த்துத்தான் திட்டம் போட்டவர். பரீட்சை இப்பவும் இருக்கு, தரம் அஞ்சில. படுக்கைதான் இல்லை.

நூதனசாலையைப் பாக்க எங்கட பிள்ளைகள் சுற்றுலாவில வரும். அதுக்குப் பஸ் இருக்கு.

---

ஸ்காபரோ சில்லையூர்

கடைசி வசனம் சுட்டுது. சேர், ஒரு பிள்ளைக்கு மாசம் எவ்வளவு முடியும் எண்டு ஒரு கணக்குத் தந்தால் நாங்க இஞ்ச கேட்டுப் பாக்கலாம்.

---

பாலையூற்றான்

வாத்தியார் எழுதினதோட எனக்கு ஒரு முடிவு வந்திட்டுது. நான் கூட்டத்தில கேக்கப் போறது இது: கட்டடத்தில ஏ.எல். கணித, விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு மட்டும் விடுதி, முதல்ல சின்ன அளவில. ஆறாம் வகுப்புப் பிள்ளை வேண்டாம். வாடன் எழுதினபடி இரவில பாக்க ஆள் இல்லாமல் சின்னப் பிள்ளையை எடுக்கிறது பாவம். வாடன் குடும்பத்தோட வளவில. மொனிட்டருக்கு அதிகாரம் இல்லை, மேசையில பரிமாறுற வேலை மட்டும். போன் ஒண்டு எல்லாரும் எடுக்கிற இடத்தில. கடிதம் வாசிக்கிற கதை, இந்தக் காலத்தில கேள்வியே இல்லை.

மணி? அடிக்கட்டும். ஆறு மணிக்கு.

---

முன்னாள் வாடன்

வாடனுக்குச் சம்பளம் எங்க இருந்து? கட்டடத்துக்குக் காசு சேர்க்கிறது லேசு, கல்வெட்டில பேர் வரும். மாசச் சம்பளத்துக்கு ஒருத்தரும் பேர் பொறிக்கிறதில்லை. சமையலுக்கு ரெண்டு பேர், இரவுக் காவல் ஒண்டு, தண்ணி, கரண்ட், எரிவாயு. முதல் வருசம் முடிய உற்சாகம் வத்தும். ரெண்டாம் வருசத்துக் காசை வங்கியில போட்டுவிட்டுத் திறக்கிறதெண்டால் திறவுங்கோ. இல்லாட்டி வேண்டாம். பாதியில மூடுற விடுதியால வாற கேடு, இல்லாத விடுதியால வராது.

---

பழைய போர்டர்

அரிசி என்ர பொறுப்பு. போகத்துக்குப் போகம் தருவன், எழுதி வையுங்கோ. மற்றது, மேசை பத்துப் பேருக்கு மேல போகக்கூடாது. போனால் சட்டி சுத்தாது.

---

கிண்ணியா நானா

மரக்கறிச் சமையல் வச்சா எல்லா ஊர்ப் பிள்ளையும் ஒரே மேசையில இருக்கலாம். மீன் வெள்ளிக்கிழமை தவிர. 😄 தொழுறதுக்கு ஒரு மூலை, விளக்கு வைக்க ஒரு மூலை, சிலுவை மாட்ட ஒரு சுவர். அதுக்குக் கூடக் கூட்டத்தில சண்டை வரும், பாத்துக் கொள்ளுங்க.

---

உள்ளதைச் சொல்றவன்

இப்படித் திறக்கிறதெண்டால் நான் மறுக்கேல்ல. ஆனால் ஒண்டு. தவணைக்கு ஒருக்கா வெளி ஆள் ஒருத்தர் வந்து, வாடன் இல்லாத இடத்தில பிள்ளைகளோட தனியக் கதைக்கவேணும். பழைய மாணவன் வேண்டாம். நாங்க எல்லாத்தையும் நல்லதெண்டுதான் சொல்லுவம்.

---

ரீச்சரம்மா

பாலையூற்றான் தம்பி, எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள். ஆனால் வாத்தியார் எழுதினதை இன்னொருக்கா வாசியுங்கோ. பொடியனுக்கு மோசமெண்டாலும் ஒரு அறை கிடைக்குது. பெட்டை கலைப் பிரிவுக்குப் போறா. அப்ப முதல்ல ஆருக்கு விடுதி வேணும்? உங்கட காசைப் போட்டு எங்கட பெண்கள் பள்ளிக்கூடத்து வளவில கட்டுங்கோ. அங்கயும் ஒரு பழைய விடுதி பூட்டிக் கிடக்கு, கூரை உங்கட கூரையை விட நல்லம்.

---

இறக்கக்கண்டி

இதோட கல்வெட்டுக்காரர் எழும்பி வெளிய போவார்.

---

பாலையூற்றான்

ரீச்சர், நீங்க சொல்றது சரி. நான் மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. ஆனால் பழைய மாணவர் சங்கத்துக் காசை வேற பள்ளிக்கூடத்து வளவில போட அங்கத்தவர் தீர்மானம் வேணும். நீங்க நேரில வந்து பேசினால்தான் எடுபடும்.

---

ரீச்சரம்மா

வாறன். உங்கட சங்கக் கூட்டத்தில வெளிப் பெண் ஒருத்தி பேசலாமா?

---

பாலையூற்றான்

யாப்பை எடுத்துப் பாக்கவேணும். செயலாளரிட்ட இருக்கு, நாளைக்கு வாங்கிறன்.